பத்து எண்ணுவதற்குள்

“ஸ்டாலிங்... ஒன்று... இரண்டு... மூன்று...” எதிரே நிற்பவர் உரக்க எண்ணிக்கொண்டிருக்கிறார். முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன, கைகள் இரண்டும் அகல விரிந்திருக்கின்றன. ‘பத்து’ என்று அவர் வாயெடுப்பதற்குள் தட்டு கையை விட்டுப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அது எதிரணிக்கு. தட்டை வைத்திருப்பவர் ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலை இப்படியும் அப்படியும் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். அவருடைய அணியினர் ஆறு பேர் திடலெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் ஒட்டி ஒரு தற்காப்பாளர் ஓடுகிறார்.

அல்டிமேட் ஃப்ரிஸ்பி விளையாட்டை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு அது முழுக்க ஓட்டமும் பாய்ச்சலுமாகத்தான் தெரியும். பறந்து போகும் தட்டை எட்டிப் பிடிக்க ஒருவர் புல்தரைமேல் படுத்த வாக்கில் பாய்ந்தால் கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் ஆட்டத்தின் உயிர் அந்தப் பாய்ச்சலுக்கு ஐந்தாறு விநாடி முன்னால், தட்டு கையில் இருப்பவர் எடுக்கும் முடிவில் இருக்கிறது. மேலே விழுந்துவிடுவார் போல ஒரு தற்காப்பாளர் நெருக்கும்போது அந்த முடிவை எப்படி எடுப்பது? நல்ல ஆட்டக்காரர்களையும் வெறும் கைவலு உள்ளவர்களையும் பிரித்துக் காட்டும் கேள்வி இதுதான்.

ஆட்டத்தின் சட்டம் எளிது. அணிக்கு ஏழு பேர். உலகப் பறக்கும் தட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி திடல் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு இலக்குப் பகுதி. எதிரணியின் இலக்குப் பகுதிக்குள் தட்டைப் பிடித்தால் ஒரு புள்ளி. தட்டு தரையில் விழுந்தாலோ, எதிராளி தட்டிவிட்டாலோ, கோட்டுக்கு வெளியே போனாலோ அந்த நொடியே கைமாறிவிடும். தட்டின் எடை 175 கிராம். நடுவர் கிடையாது, உலகப் போட்டிகளில்கூட ஆட்டக்காரர்களே தவறைச் சொல்லி, பேசித் தீர்த்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள மேப்பிள்வுட் என்ற ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1968ல் தொடங்கிவைத்த விளையாட்டு இது. அவர்களில் ஒருவரான ஜோயல் சில்வர்தான் பின்னாளில் ‘மேட்ரிக்ஸ்’ படங்களைத் தயாரித்தவர். 2001ல் ஜப்பானின் அகிதா நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் அல்டிமேட் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. 2015ல் அனைத்துலக ஒலிம்பிக் குழு அந்தச் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் அளித்தது.

சிங்கப்பூரில் இந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் மாணவர்கள்தான் வளர்த்தார்கள். தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் மூன்றிலும் அல்டிமேட் அணிகள் உண்டு. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் விடாதவர்கள் வார இறுதிகளிலும் அலுவலகம் முடிந்த மாலைகளிலும் திடல் தேடி அலைகிறார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் கலப்புப் பிரிவு இங்கே செல்லமானது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ஏழு பேர் களமிறங்குவார்கள். ஒரே அணியில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்று ஆடும் விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு வேறு எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

திடல் தேடி அலைவது என்றது மிகையல்ல. நூறு மீட்டர் புல்வெளி இந்த நகரத்தில் லேசில் கிடைக்காது. லிட்டில் இந்தியாவை ஒட்டி, ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அப்பால் விரிந்து கிடந்த ஃபேரர் பார்க் திடலை நினைத்துப் பார்க்கலாம். 1842ல் குதிரைப் பந்தயத்துக்காக ஒதுக்கப்பட்ட நிலம் அது. சாலையின் பெயரே அதற்குச் சாட்சி. 1911ல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது அங்கேதான். 1919ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானம் வந்து இறங்கியதும் அங்கேதான். 1933ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு அது விளையாட்டுத் திடலானது. 1942 பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் படை சரணடைந்து இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் அங்கே ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்தரையில்தான் தொடங்கியது. பக்கத்துத் தேக்காவில் வளர்ந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பந்தை முதலில் காட்டிய இடமும் அதுவே. 2020ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அந்த வட்டாரத்தில் சுமார் 1,600 வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தது. விளையாட்டு மரபின் அடையாளங்கள் சிலவற்றைக் காப்பதும், நடுவில் திறந்தவெளி விடுவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. வீடும் வேண்டும், திடலும் வேண்டும். சிறிய தீவில் இரண்டையும் ஒரே நிலத்தில் தேட வேண்டியிருக்கிறது.

இதனால் இங்கே ஆடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் பள்ளித் திடல்களிலும், வாடகைக்குப் பிடித்த செயற்கைப் புல்லிலும், கிழக்குக் கடற்கரை மணலிலும் ஆடிப் பழகும்போது, இடம் குறையக் குறையத் தற்காப்பாளர் நெருங்கி வருவார். அறுபது மீட்டர் தூரத்துக்கு வீசித் தப்பிக்கும் வசதி எல்லா நாளும் கிடைக்காது. நெருக்கத்தில் முடிவெடுக்கத் தெரிந்தே ஆக வேண்டும்.

நெருக்கும் தற்காப்பு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். வீசுபவரின் முன் நிற்பவரை ‘மார்க்’ என்பார்கள். அவர் நேர் எதிரே நிற்பதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு இடப்பக்கத்தைத் திறந்துவிடுவார், அல்லது மாற்றிச் செய்வார். இதற்கு ‘ஃபோர்ஸ்’ என்று பெயர். திறந்துவிட்ட பக்கத்தில் அவருடைய கூட்டாளிகள் ஆறு பேரும் முன்கூட்டியே கால் வைத்துக் காத்திருப்பார்கள். ஆக, இது தனி ஆளின் வீரம் மட்டுமல்ல, ஏழு பேருக்கும் இடையிலான ஒப்பந்தம். “இந்தப் பக்கம் தட்டு போகாது, அதற்கு நான் பொறுப்பு, அந்தப் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.” தடுத்த பக்கமாக ஒரே ஒரு வீச்சு போய்விட்டால் போதும், ஒப்பந்தம் உடைந்துவிடும். ஆறு பேரும் தவறான பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இங்கேதான் நெருக்குபவரின் பலவீனம் தெரிகிறது. எந்தத் தற்காப்பாளராலும் எல்லாவற்றையும் ஒருசேர அடைக்க முடியாது. அவர் எவ்வளவு ஆவேசமாக ஒன்றை அடைக்கிறாரோ அவ்வளவு தாராளமாக இன்னொன்றைத் திறந்துவைக்கிறார். கபடி தெரிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பாடிப் போகிறவரின் கணுக்காலைக் குறிவைத்து ஓரத்தில் நிற்பவர் பாய்ந்த மறுகணம் தரையில் கிடக்கிறார்; அவர் காத்துக்கொண்டிருந்த இடம் காலி. முப்பது விநாடி ரெய்டில் அனுபவசாலி அந்தப் பாய்ச்சலுக்காகக் காத்திருப்பார், அதை வேண்டுமென்றே வரவழைக்கவும் செய்வார். அல்டிமேட்டில் கிடைப்பது பத்து விநாடி.

பத்து விநாடி குறைவு என்று தோன்றலாம். உண்மையில் அது தாராளம். புதியவர்களின் முடிவு கெடுவது நேரம் போதாமல் அல்ல. எதிராளி எண்ணும் குரல் காதில் விழுந்ததும் மனம் பதறி, இரண்டிலேயே எங்காவது வீசிவிடுகிறார்கள். அல்லது அழகான வாய்ப்பு வரும் என்று ஒன்பது வரை காத்திருந்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்று சொல்வது இந்த விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும். தேர்ந்த அணிகள் எண்ணிக்கையைப் பகுதி பிரித்து வைத்துக்கொள்கின்றன: முதல் நான்கைந்து எண் முன்னே பார்ப்பதற்கு, ஐந்து, ஆறு வந்ததும் உடம்பைத் திருப்பிப் பக்கத்திலோ பின்னாலோ நிற்கும் துணையாளைத் தேடுவதற்கு. அந்தப் பின்பாஸுக்கு ‘டம்ப்’ என்று பெயர். முன்னேற்றம் எதுவும் இல்லாத பாஸ்தான். ஆனால் புதிய கைக்குத் தட்டு போனதும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மூச்சு வாங்க இன்னொரு பத்து விநாடி. பார்வையாளர் யாரும் கைதட்டாத இந்தப் பாஸ்தான் அல்டிமேட்டில் மிக முக்கியமான பாஸ் என்று தயங்காமல் சொல்லலாம்.

இப்போது மார்க்கின் உடம்பைக் கவனிப்போம். முன்னால் நிற்பவர் தட்டையே துரத்துகிறார், கை போகும் பக்கமெல்லாம் பாய்கிறார் என்றால் அவரை ஏமாற்றுவது சுலபம். இடப்பக்கம் வீசுவதுபோல் ஒரு பொய்யசைவு. அவர் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும் வலப்பக்கம் ஓரடி எடுத்துவைத்து வீச்சு. ஆனால் பொய்யசைவு உண்மையான வீச்சைப் போலவே இருக்க வேண்டும்: கண் அங்கே பார்க்க வேண்டும், தோள் திரும்ப வேண்டும், மணிக்கட்டு மடங்க வேண்டும். வெறுமனே கையை ஆட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருமுறை நம்பாதவரிடம் நான்கு முறை ஆட்டிக்காட்டுவதும் வீண். அந்த நேரத்தில் எண்ணிக்கை ஏழுக்குப் போய்விடும்.

மார்க்கின் கைகளும் வழி சொல்லும். இரு கைகளையும் தாழ்த்தித் தரையோரம் காப்பவருக்குத் தோளுக்கு மேலே வெற்றிடம்; உயர்த்திப் பிடித்து நிற்பவருக்கு முழங்காலுக்குக் கீழே வெற்றிடம். கால் அகலமாக விரிந்து, குதிகால் மேலே எழும்பி நின்றால், அவர் ஏதோ ஒரு பக்கம் பாயத் தயாராகிவிட்டார் என்று பொருள். அதற்கு எதிர்ப்பக்கம் போக அவருக்கு அரை விநாடி அதிகம் பிடிக்கும். அந்த அரை விநாடி போதும். மிக நெருங்கி நிற்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: வீசுபவர் ஓர் அடி பக்கவாட்டில் நீட்டி வைத்தால் அவருடைய கையைத் தாண்டிவிடலாம். சற்று விலகி, அமைதியாக, கால்களை மட்டும் நகர்த்தி நிற்கும் மார்க்தான் உண்மையில் கடினமானவர். ஆவேசமான ஆளைக் கண்டு பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியது அந்த அமைதியான ஆளைக் கண்டு.

விதியும் வீசுபவரின் பக்கம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். மார்க்குக்கும் வீசுபவரின் உடலுக்கும் இடையே குறைந்தது ஒரு தட்டின் விட்டம் அளவு, ஏறத்தாழ 27 சென்டிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். இரு கைகளாலும் வளைத்துக் கட்டக் கூடாது. வேண்டுமென்றே பார்வையை மறைக்கக் கூடாது. ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே குறைந்தது ஒரு விநாடி விட வேண்டும். வேறு யாரையும் காக்காத இரண்டாவது தற்காப்பாளர் மூன்று மீட்டருக்குள் வந்து நின்று இருவராக நெருக்கக் கூடாது. இதில் எது நடந்தாலும் வீசுபவர் அதன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்கலாம். எதிராளி ஒப்புக்கொண்டால், ஆட்டம் நிற்காமலே, கடைசியாகச் சொன்ன எண்ணிலிருந்து ஒன்று குறைத்து எண்ணிக்கையைத் தொடர வேண்டும். ஆறு சொல்லியிருந்தால் மறுபடி ஐந்திலிருந்து. வீசும் கையைத் தட்டிவிட்ட தவறை ஒப்புக்கொண்டாலோ எண்ணிக்கை ஒன்றுக்கே திரும்பும். இப்படிக் குரல் கொடுப்பது சண்டைக்குப் போவதல்ல. நடுவர் இல்லாத ஆட்டத்தில், எதிரே நிற்பவருக்கு எல்லையை நினைவூட்ட வீசுபவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு ஐந்து தலைப்புகளில், தலைப்புக்கு நான்கு வரை, நடத்தைக்கு மதிப்பெண் போடுகிறது. உடல் மோதல், விதியறிவு, நியாய மனம், சுயக்கட்டுப்பாடு, பேசும் முறை எல்லாம் அதில் வரும். ஆவேசமாக ஆடலாம், அத்துமீறினால் அது எழுத்தில் பதிவாகும்.

தட்டு வைத்திருப்பவரிடமிருந்து கண்ணை எடுத்துச் சற்றுத் தள்ளிப் பார்ப்போம். டம்ப் வாங்க நிற்கும் துணையாளை நெருக்கும் தற்காப்பாளர் ஒருவர் இருப்பார். எண்ணிக்கை ஆறு, ஏழைத் தொட்டதும் எதிரணி முழுக்க அவரைத்தான் நம்பியிருக்கும். அவர் பின்பாஸை மறிக்கத் துணையாளின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டால், பக்கக்கோட்டை ஒட்டி முன்னோக்கி ஓடும் வழி திறந்திருக்கிறது. முன்னோக்கி ஓடும் வழியை அவர் அடைத்தால், பின்னால் இரண்டடி போய் நின்றாலே தட்டு கிடைத்துவிடும். துணையாள் செய்யக் கூடாத ஒரே காரியம் பாதி முன்னே, பாதி பின்னே என்று ஊசலாடுவது. தற்காப்பாளரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் முழு வேகத்தில் போய்விட வேண்டும். கண்ணும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது.

திடலின் நடுவில் ஓடும் ‘கட்டர்’களுக்கும் இதே கணக்குத்தான். தற்காப்பாளர் வீசுபவருக்கும் கட்டருக்கும் நடுவே புகுந்து முன்பாஸை மறிக்கிறார் என்றால், முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் காலியாக இருக்கிறது. நான்கைந்து அடி முன்னே ஓடிவந்து, அவர் எடை முன்னே சாய்ந்ததும் திரும்பி ஓடினால் அவரால் பிடிக்க முடியாது. ஆனால் வீசுபவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். தட்டு பந்தைப் போன்றதல்ல. காற்றில் மிதந்து நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு விநாடி தாமதமாக வீசினால் பின்தங்கிய தற்காப்பாளரும் வந்து சேர்ந்துவிடுவார். ஓடுகிறவர் திரும்பும்போதே வீச்சும் தொடங்கிவிட வேண்டும்.

தன் ஆளை விட்டுவிட்டு வேறொருவருக்கு வரும் பாஸைத் திருட ஓடும் தற்காப்பாளர்களும் உண்டு. ‘போச்’ செய்வது என்பார்கள். ஆவேசத் தற்காப்பின் உச்சம் இது. அவர் எங்கே ஓடுகிறார் என்று திகைத்துப் பார்ப்பதைவிட, யாரை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று பார்ப்பதே விடை. ஒரு விநாடிக்குள் அந்த ஆளுக்குத் தட்டு போனால் பரிசு; மூன்று விநாடி கழித்துப் போனால் பலனில்லை. விடப்பட்டவரும் சும்மா நிற்கக் கூடாது. குரல் கொடுத்து, திறந்த இடத்துக்கு நகர வேண்டும்.

பிடிப்பவரின் முடிவுகள் பற்றிப் பயிற்சிகளில் குறைவாகவே பேசுகிறார்கள். ஆனால் ஆவேசமான தற்காப்பாளருக்கு எதிராகத் தட்டுகள் அதிகம் பறிபோவது அங்கேதான். நேராக நெஞ்சுக்கு வரும் தட்டுக்காக நின்று காத்திருப்பவர், பின்னாலிருந்து பாய்கிறவருக்குத் தட்டைத் தூக்கிக் கொடுக்கிறார். தட்டை நோக்கி ஓட வேண்டும். பிடித்த பிறகுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசி மூன்று மீட்டரில் ஓட்டம் தளராதவரிடமிருந்து பறிப்பது மிகக் கடினம். முதுகுக்குப் பின்னாலிருந்து மோதிப் பறித்தால் அது விதிமீறல். வீசுபவரும் ஆளைக் குறிவைக்காமல், தற்காப்பாளருக்கு எட்டாத பக்கத்தில் உள்ள வெற்றிடத்தைக் குறிவைக்க வேண்டும்.

வீசி முடித்ததும் என்ன செய்வது? பெரும்பாலோர் தங்கள் வீச்சின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதே கணத்தில் மார்க்கும் தலையைத் திருப்பித் தட்டு எங்கே போகிறது என்று பார்க்கிறார். அவர் கழுத்து திரும்பிய அந்த நொடியில் வீசியவர் ஓடத் தொடங்கினால், இரண்டு மீட்டர் முன்னிலை இலவசமாகக் கிடைக்கும். நெருக்கி நின்று ஆடுபவருக்கு எதிராக இதைவிட மலிவான, இதைவிட உறுதியான ஆயுதம் கிடையாது.

உயரமும் உடல்வலுவும் கொண்ட அணிகளின் நெருக்கடியை இப்படிச் சின்னச் சின்னப் பாஸ்களால் கரைக்கலாம் என்பதற்கு ஆசியாவிலேயே நல்ல சான்று உண்டு. 2012ல் ஜப்பானின் சகாய் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பான் பெண்கள் அணி இறுதியாட்டத்தில் அமெரிக்காவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. விரைவான குறும் பாஸ்கள், ஓயாத ஓட்டம், தட்டைக் கையில் தேங்கவிடாத பழக்கம் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது ஜப்பானிய ஆட்டம். மார்க் வந்து கால் ஊன்றும் முன்பே தட்டு போய்விட்டால், அவர் யாரை நெருக்குவார்?

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் இந்த ஆட்டம் வேர்விட்டிருக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஆடும் ‘ஃப்ளைவைல்ட்’ என்ற சென்னை அணியைப் பற்றி பரத் மிர்லே, அரவிந்த் ஐயர் இருவரும் எடுத்த ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம் 2015ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைவிழாவில் காட்டப்பட்டது. மணலில் ஆடும் ஆட்டத்துக்கு அணிக்கு ஐந்து பேர்தான், திடலும் சிறியது. மணலில் கால் புதைவதால் பாய்ந்து போன தற்காப்பாளர் திரும்பிவர இன்னும் தாமதமாகும். பொய்யசைவுக்கு அங்கே மதிப்பு அதிகம். ஆனால் கடற்காற்று எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும்.

காற்று என்றதும் சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மற்ற மாதங்களில் விடியற்காலையில் திடீரென்று சுழற்றியடிக்கும் சுமத்ராக் காற்று. எதிர்காற்றில் நீள வீச்சு எழும்பி நின்று தரையில் விழும் என்பது தற்காப்பாளர்களுக்குத் தெரியும். பின்னால் காக்க வேண்டியதில்லை என்று அத்தனை பேரும் முன்னே வந்து நெருக்குவார்கள். மழையில் நனைந்த தட்டு விரலில் வழுக்கும். தலைக்கு மேல் கவிழ்த்து வீசும் வீச்சுகள் கைகொடுக்காது. அப்படிப்பட்ட நாளில் பத்து மீட்டர்ப் பாஸ்களை அலுக்காமல் போட்டுக்கொண்டிருப்பதே புத்தி. மின்னல் எச்சரிக்கை ஒலித்துவிட்டால் எல்லாரும் திடலை விட்டு ஓடிவிட வேண்டும். ஆட்டம் பிறகுதான்.

துணிந்து வீசவே கூடாதா என்று கேட்டால், எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. தன் இலக்குப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு பக்கவாட்டுப் பாஸ் பறிபோனால் எதிரணிக்குப் புள்ளி கிட்டத்தட்ட உறுதி. அதே இடத்திலிருந்து வீசிய அறுபது மீட்டர் வீச்சு தவறினால், எதிரணி அந்த அறுபது மீட்டரையும் நடந்து வர வேண்டும். எண்ணிக்கை எட்டைத் தாண்டி, பின்பாஸும் அடைபட்டுவிட்டால், நெருக்கத்தில் மல்லுக்கட்டுவதைவிடத் தொலைவுக்கு வீசிவிடுவது நல்லது. வேண்டுமென்றே எடுத்த நட்டமும், பதறி விட்ட நட்டமும் ஒன்றல்ல.

இன்னொரு கணக்கு உடம்பு சார்ந்தது. காயம் பட்டாலொழிய, புள்ளி விழும்வரை ஆள்மாற்றம் கிடையாது. முப்பது டிகிரி வெயிலிலும் பிசுபிசுக்கும் ஈரப்பதத்திலும், ஒருவரை ஒட்டி ஓடுவது, ஒருவரிடமிருந்து விலகி ஓடுவதைவிடக் களைப்பைத் தரும். எங்கே போகப்போகிறோம் என்பது தாக்குபவருக்குத் தெரியும். தற்காப்பாளர் ஒவ்வொரு முறையும் ஊகித்து, நின்று, திரும்பி ஓட வேண்டும். இருபது பாஸ் தாண்டிய புள்ளியில் ஆவேசமான தற்காப்பு தானாகவே அரை மீட்டர் பின்வாங்கும். முதல் ஐந்து பாஸில் கதவைத் தட்டிய ஆட்டக்காரர்களுக்கு அது அப்போது திறந்தே கிடக்கும்.

இதையெல்லாம் பழக முழுத் திடல் தேவையில்லை. வீவக புளோக்குகளுக்கு நடுவே உள்ள புல்வெளி போதும். மூன்று பேர், ஒரு தட்டு. இருவர் பதினைந்து மீட்டர் இடைவெளியில் நிற்க, மூன்றாமவர் தட்டு வைத்திருப்பவரை மார்க் செய்து உரக்க எண்ணுவார். வீசியவர் தன் வீச்சின் பின்னாலேயே ஓடிப்போய், பிடித்தவரை மார்க் செய்ய வேண்டும். முன்பு மார்க் செய்தவர் வீசியவரின் இடத்தில் நின்றுகொள்வார். இப்படியே சுற்றிவரும்போது ஒவ்வொருவரும் மாறிமாறி நெருக்குபவராகவும் நெருக்கப்படுபவராகவும் ஆகிறார்கள். முதல் சில சுற்றுகளில் மார்க் செய்பவர் வேண்டுமென்றே அளவுக்கு மீறிப் பாயலாம். வீசுபவர் அவர் எடை சாயும் திசையை வாய்விட்டுச் சொல்லி, மறுபக்கம் வீச வேண்டும். பிறகு மார்க் நிதானமாக நிற்கட்டும், அவர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கட்டும். வீசுபவர் அப்போது ஆறு என்ற எண் காதில் விழும்வரை காத்திருந்து பார்க்கலாம்.